பம்பு ஜாதகம்

அந்தப் பள்ளத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால் சொட்டாத பொருள் ஒன்று கிடையாது. தகரக் கூரை சொட்டும், கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளைக்குச் சொட்டும், மனிதர்களின் மூக்கு சொட்டும். இத்தனைக்கும் நடுவில் பம்பு ஒரு சொட்டு விட்டதற்காக ஒரு மனுஷன் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு உட்காருவானா? வடிவும் முதலில் அப்படித்தான் கேட்டாள்.

"களி ஆறிப்போகுதுங்க. பெறகு கல்லாட்டம் ஆயிரும்."

பம்பு ஓட்டுகிற அவள் புருஷன் சேனாதிபதி திரும்பவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பம்புக்கு முன்னால் குத்தவைத்திருந்தான். டீசல் இன்ஜின் ஓடுகிற ஓட்டத்தில் தகரக் கொட்டகை முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது. சுழலும் தண்டு பம்புக்குள் நுழைகிற இடத்தில் ஒரு துளி திரண்டது, கனத்தது, விழுந்தது.

"ஒண்ணு," என்றான். நிமிஷம் முடிந்ததும், "ஒண்ணுதான்," என்றான். ஆனால் முகம் வெளுத்திருந்தது.

சீனச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. கொடைக்கானல் மலையில் போளூரைத் தாண்டிச் சரிவு இறங்கும் இடத்தில், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடும் ஓடையை மறித்து அணை கட்ட ஒரு கம்பெனி வந்திருந்தது. அணை மேலே எழும்புவதற்கு முன்னால் குழி கீழே போக வேண்டும் அல்லவா? நாற்பதடி போயிருந்தது. குழியின் அடியிலிருந்து பாறைக்குள் அறுபதடிக்கு ஒரு குகை குடைந்திருந்தார்கள். அதுவும் மட்டமாகப் போகாமல் கொஞ்சம் சரிந்து கீழ்நோக்கிப் போனது. ஊற்றுத் தண்ணீர் நாலா பக்கமும் கசிந்து குழிக்குள் இறங்கும். பம்பு நின்றால் தண்ணீர் முதலில் நிரப்புவது அந்தக் குகையைத்தான். குகைக்குள் துளைபோடுகிறவன் குழந்தைவேல், வடிவுக்குக் கூடப்பிறந்த தம்பி.

தாயும் தகப்பனும் ஆடலூரில் ஒரே மாசத்தில் காய்ச்சல் கண்டு போனபோது அவனுக்கு நான்கு வயது. இவளுக்குப் பன்னிரண்டு. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை இருபத்து நாலு வயதில் பாறையைத் துளைக்கிறான் என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு. பயம் பெருமையைவிட ஒருபடி அதிகம். அதனால்தான் தினமும் அவன் ஏணியில் இறங்குமுன் பழனித் திருநீறு எடுத்து நெற்றியில் இழுத்துவிடுவாள். பழனியாண்டவர் குகைக்குள்ளும் கூடவே போவார் என்பது அவள் நம்பிக்கை.

பம்பு இருந்தது குழியின் அடியிலிருந்து பதினைந்தடி உயரத்தில், ஒரு பாறைத் திட்டின் மேல். வழக்கமான பம்புகளில் தண்டு நுழையும் இடத்தில் எண்ணெய்க் கயிற்றைத் திணித்து இறுக்கியிருப்பார்கள். இது சீமைப் பம்பு, கயிறு கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு வளையங்கள். ஒன்று இரும்பு, ஒன்று கரி. முகத்தோடு முகம் வைத்து உரசிக்கொண்டே சுற்றும். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கனத்தில் தண்ணீர்ப் படலம் ஒன்று நிற்கும். அந்த ஜோடிக்குச் சீல் என்று பெயர். கரி வளையம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேய்ந்து முடிந்தால் காற்று உள்ளே புகும், பம்பு தண்ணீரைக் கைவிட்டுவிடும்.

இதற்கு முன்னால் இரண்டு சீல்கள் தேய்ந்திருந்தன. மதராஸில் படித்துவிட்டு வந்த சின்ன இன்ஜினியர் அந்தக் கரி வளையங்களை அளந்து பார்த்தார். எத்தனை நாளில் எவ்வளவு தேய்ந்தது, எந்த நாளில் சொட்டு ஆரம்பித்தது, எப்போது கைவிட்டது என்று சேனாதிபதியிடம் கேட்டுக் கேட்டு, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். மூன்றாவது சீல் மார்கழிக் கடைசி வரை தாங்கும் என்றது கோடு. கார்த்திகை பாதி வரைக்கும் ஒரு சொட்டுகூட வராது என்றது. தாளைக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். குழிக்காரர்கள் அதற்குப் பம்பு ஜாதகம் என்று பேர் வைத்து, போகிற வருகிறபோதெல்லாம், "பம்புக்கு இப்ப என்ன தெசை நடக்குதுண்ணே?" என்று சேனாதிபதியைச் சீண்டுவார்கள். அவன் சிரிக்காமல் பதில் சொல்வான். அவனுக்கு அந்தக் கோட்டின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

இப்போது ஐப்பசி ஐந்தாம் தேதி. சொட்டு வந்துவிட்டது.

குழியின் மேல் கரையில், பாறை துளைக்கிற இயந்திரத்துக்குக் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் காற்று இயந்திரத்தை ஓட்டுகிற பாவாவிடம் வடிவு கேட்டாள். பாவா கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடைக்குடும்பத்தில் பிறந்து, கடை பிடிக்காமல் இயந்திரத்தைப் பிடித்தவர். முப்பது வருஷம் கயிற்றுப் பம்புகளோடு குடித்தனம் பண்ணியவர்.

"சொட்டுறது நல்லதுதாந் தங்கச்சி. பம்புன்னா சொட்டணும். சொட்டாத பம்பு சூடேறிச் செத்துப்போகும். ஒம்மாப்பிள்ளைக்கு ஜாதகம் பாத்துப் பாத்துப் பயம் பிடிச்சுக்கிருச்சு."

"நெசமாவாண்ணே?"

"நா பொய் சொல்வேனா? வெறும் ஒரு சொட்டு. போயி நல்லா ஒறங்கு."

கயிற்றுப் பம்புக்கு அது சத்தியமான வார்த்தை. சீலுக்கு அது நேர்மாறு. பாவாவுக்கும் அது தெரியாது, வடிவுக்கும் தெரியாது. அவள் அன்றைக்கு நல்லாவே உறங்கினாள்.

மறுநாள் நிமிஷத்துக்கு நான்கு. அதற்கு மறுநாள் ஒன்பது. சின்ன இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, கோட்டை விரலால் தடவிவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனார், பம்பாய்க்கு டெலிபோன் போட்டு வேறு சீல் கேட்பதற்கு. பழைய கயிற்றுப் பம்பு தண்டு முறிந்து மேலே மழையில் கிடந்தது. கம்பெனிக்காரர்கள் வேலையை நிறுத்துவதாக இல்லை. கோடுதான் மார்கழி வரை என்கிறதே!

வீட்டில் சேனாதிபதி பூண்டுக் குழம்பைப் பிசைந்து வைத்துவிட்டுத் தட்டையே பார்த்தான்.

"சாரு போட்ட கோடு தப்பா, நா மாட்டுன மாட்டு தப்பாங்குறதுதான் பிடிபட மாட்டேங்குது."

"என்னமோ போங்க. பாவா அண்ணன் சொட்டுறது நல்லதுங்குறாரு."

"பாவா அண்ணன் கயித்துப் பம்புக்காரரு. இதுல ஒரு மயிரெழக் கீறல் விழுந்தாப் போதும் புள்ள. கீறல் மண்ண இழுக்கும், மண்ணு கீறல இழுக்கும். அப்பறம் கோடாவது காடாவது."

"கீறல் எப்படி விழும்?"

"அதத்தான நானும் கேக்கேன். மெழுகுத்தாளப் பிரிச்சு நானே மாட்டுனேன். யாரு தொட்டா?"

வடிவு குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். மூடியதை மறுபடி திறந்து மூடினாள். ஏனென்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. சில விஷயங்களை மனசு நமக்கு முன்னாலேயே தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கும்.

நான்காம் நாள் காலையில் மழை விடவே இல்லை. பக்கத்துக் குடிசைப் பொன்னுத்தாய் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வடிவு, கொஞ்சம் துன்னூறு குடேன். எங்க வீட்டுல தீந்துபோச்சு."

"எதுக்கு?"

"கண்ணாடி தொடைக்கத்தான். கரி அப்பிக் கெடக்கு."

மலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். விளக்குக் கண்ணாடிக் கரிக்குத் திருநீறு போட்டுத் துணியால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். பொன்னுத்தாய் தேய்த்து முடித்து, கண்ணாடியை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"பாரு, எம்புட்டுக் கீறல்! வாங்கி ஒரு வருசம் ஆகல. இந்தச் சாம்பல்ல மண்ணு கெடக்கு போல. தேய்க்கத் தேய்க்கக் கோடு விழுந்துக்கிட்டே இருக்கு."

வடிவு அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். தலைமுடி போல நூறு கோடுகள். தன் வலது கை விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

போன மாசம் ஆயுதபூசையன்று குழி வேலைக்கு லீவு. பழைய சீலை மாற்ற அதுதான் தோதான நாள் என்று சேனாதிபதி பம்பைப் பிரித்துப் போட்டிருந்தான். ஸ்பேனர், சுத்தியல், துளைக்கம்பி எல்லாவற்றையும் மேசையில் பரப்பிச் சந்தனமும் குங்குமமும் திருநீறும் வைப்பது வடிவின் வேலை. மேசை ஓரத்தில் மெழுகுத்தாளில் சுற்றிய புதுச் சீலும் இருந்தது. சேனாதிபதி வாசலுக்குக் கட்ட வாழைக்கன்று வெட்டப் போயிருந்தான்.

எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் மூளியாக விட அவளுக்கு மனசு கேட்கவில்லை. தம்பியின் உயிரைப் பிடித்து நிற்கப்போகிறது அதுதானே? தாளைப் பிரித்தாள். கறுப்பு வளையம், முகம் பார்க்கலாம் போல அவ்வளவு வழவழப்பு. பழனித் திருநீற்றை எடுத்து அழுத்தி மூன்று விரலால் இழுத்தாள். இழுத்த பிறகுதான் 'கை படக்கூடாது' என்று இன்ஜினியர் சொன்னது நினைவுக்கு வந்தது. பயந்துபோய் முந்தானையால் தேய்தேய் என்று தேய்த்துத் துடைத்து, தாளைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். கண்ணாடியைத் தேய்ப்பது போலத்தான் தேய்த்திருந்தாள்.

"ஏ, என்னடி ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்க?"

"மத்தியானச் சோறு கொண்டுபோகணும்," என்றாள் வடிவு. மணி பத்துகூட ஆகவில்லை.

கையில் கிடைத்ததைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஓடினாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று வழி நெடுக மனசு கேட்டது. சொன்னால் சேனாதிபதிக்கு வேலை போகும். பொண்டாட்டி கெடுத்த பம்பு என்று மலை முழுக்கப் பேசும். புதுச் சீல் இரண்டு நாளில் வந்துவிடும், அதுவரை தாங்காதா? தாங்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே போனவள் குழிக்கரைக்கு வந்ததும் நின்றாள். கீழே பதினொரு பேர் இறங்கியிருந்தார்கள். காலையில் தம்பி நெற்றியில் அவள் வைத்த திருநீறு இந்நேரம் குகைக்குள் இருந்தது.

கற்படியில் வழுக்கி வழுக்கி இறங்கினாள். கொட்டகைக்குள் சேனாதிபதி கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தான், ஆனால் எண்ணவில்லை. சொட்டு, சொட்டாக இல்லை. நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏங்க, நாந்தான் கெடுத்தேன்."

இன்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. "என்னது?"

"நாந்தான் அந்த வளையத்தக் கெடுத்தேன்!" கத்த வேண்டியிருந்தது. மூடி மறைக்க நினைத்த வார்த்தையை மலைக்குக் கேட்கும்படி கத்தினாள். "பூசையன்னிக்குப் பிரிச்சுத் துன்னூறு பூசிட்டேன்! அப்பறம் முந்தானைய வச்சுத் தேச்சேன்!"

சேனாதிபதி எழுந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"எதுல பூசுன? இரும்புலயா, கரியிலயா?"

"கறுப்பா இருந்ததுல."

அவன் சுவரில் இருந்த தாளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப இது வேற சீலோட கோடு," என்றான். "இந்தச் சீலுக்குக் கோடே கெடையாது. இப்பவும் போகலாம், பொழுசாயவும் போகலாம்."

திட்டின் ஓரத்தில் அபாய மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைச் சம்மட்டியால் அடித்தான். குழியில் கல் அள்ளிக்கொண்டிருந்த ஐந்து பேர் தலைதூக்கிப் பார்த்துவிட்டு ஏணிக்கு ஓடிவந்தார்கள். குகையிலிருந்து யாரும் வரவில்லை. மேலே பாவா சத்தம் கேட்டுக் காற்றை நிறுத்தினார். துளைச் சத்தம் நின்றது. அப்போதும் யாரும் வரவில்லை. ஏன் வரப்போகிறார்கள்? காற்று நின்றால் குகைக்காரர்களுக்கு அது பீடி நேரம். இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணும், அவர்களும் உட்கார்ந்து ஒரு பீடி இழுப்பார்கள். அறுபதடி பாறைக்குள், ஊற்று கொட்டுகிற இரைச்சலில், மணிச் சத்தம் எங்கே கேட்கும்?

பம்பு ஒருமுறை இருமியது. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது.

"காத்த இழுக்குது," என்றான் சேனாதிபதி. அவள் கையிலிருந்த தூக்குவாளியைப் பிடுங்கிச் சோற்றைக் கீழே கொட்டினான். மூலையில் நின்ற தண்ணீர்ப் பீப்பாயில் முக்கி, ஒழுகும் இடத்தின் மேல் ஊற்றினான். பம்பின் இருமல் அடங்கியது. "இந்தா. விடாம ஊத்து. தண்ணி மூடியிருந்தாக் காத்துப் போகாது, கரியும் எரியாது. நிப்பாட்டுன, தீந்துச்சு. நா போயி அவிங்களக் கூட்டியாரேன்."

"நீங்க எறங்குறீகளா? ஐயோ, நீங்களுமா?"

"வேற யாரு எறங்குவா? ஊத்து!"

அவன் ஏணியில் மறைந்தான். வடிவு ஊற்றினாள். முக்கி எடுத்து ஊற்றினாள், மறுபடி முக்கினாள். சுழலும் தண்டு தண்ணீரைச் சிதறி அவள் முகத்தில் அடித்தது. ஐப்பசி மாதத்து மலைத் தண்ணீர் விரலைக் கடித்தது. பழனியாண்டவரைக் கூப்பிட வாயெடுத்தவள் மறுபடி வாளியை முக்கினாள். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

கல் அள்ளுகிற ஐந்து பேரும் வாசலைக் கடந்து மேலே போனார்கள். அவள் எண்ணினாள். ஐந்து. இன்னும் ஆறு, அதோடு ஒன்று.

பீப்பாய் பாதியாகியது. வாசல் பக்கம் யாரும் வரவில்லை. கை வலித்தது, தோள் வலித்தது, அப்புறம் வலி தெரியவில்லை. இரண்டு ஊற்றுக்கு நடுவே கொஞ்சம் தாமதித்தாலும் பம்பு இருமியது. அந்த இருமல் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சுக்குள் கேட்டது. கீழே தண்ணீர் ஏறுகிற சலசலப்பு கேட்கிறதா, இல்லை மழையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏணி கிரீச்சிட்டது. ஒரு தலை. ஆறு. முழங்கால் வரை நனைந்திருந்தான். ஏழு, எட்டு. இவர்கள் இடுப்பு வரை நனைந்திருந்தார்கள்.

"எந்தம்பி எங்க?"

"பின்னால வாராங்க்கா!"

ஒன்பது, பத்து. பீப்பாயின் அடி தெரிந்தது. வாளி மரத்தில் முட்டியது. பீப்பாயைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி எடுத்து ஊற்றினாள். அதற்குமேல் வாளிக்குள் ஒரு வாய்த் தண்ணீர்கூட ஏறவில்லை.

பம்பு அலறியது. இரும்பைக் கல்லில் வைத்து இழுத்த மாதிரி ஓர் அலறல். தண்டைச் சுற்றிப் புகை கிளம்பியது, கரி எரிகிற வாடை வந்தது. குழாயில் தண்ணீர் நின்றது.

"ஏலே கொழந்த!" என்று வாளியை எறிந்துவிட்டு ஏணித் தலைக்கு ஓடினாள். குனிந்து பார்த்தாள். குழியின் அடி தெரியவில்லை. காப்பித்தண்ணி நிறத்தில் சுழித்துக்கொண்டு ஏறியது. அதற்குள் நெஞ்சளவுத் தண்ணீரில் இரண்டு பேர். ஒருவன் தோளில் துளைபோடுகிற இயந்திரத்தைச் சுமந்துகொண்டிருந்தான். மற்றவன் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"போடுறா அதக் கீழ!" சேனாதிபதியின் குரல்.

"கம்பெனிச் சாமான் மச்சான்!"

துளைக்காரன் உயிரே போனாலும் இயந்திரத்தை விட்டுவிட்டு ஏறக்கூடாது என்று அந்தப் பயல்களுக்குள் ஒரு சட்டம். யார் போட்ட சட்டமோ!

"ஏலே, போடுலே! அக்கா சொல்றேன், போட்டுட்டு ஏறுலே!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். நெற்றியில் திருநீறு கரைந்து வழிந்திருந்தது. இயந்திரம் தண்ணீரில் விழுந்து மறைந்தது. இரண்டு பேரும் ஏணியைப் பிடித்தார்கள்.

சாயங்காலம் சின்ன இன்ஜினியர் திரும்பி வந்தபோது குழி, பம்புத் திட்டுக்கு ஓரடி கீழே வரை குளமாகி நின்றிருந்தது. பம்பைப் பிரித்து, கரி வளையத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதில் வட்ட வட்டமாக நகம் நுழைகிற மாதிரிப் பள்ளம்.

"இதைப் பூட்டுறதுக்கு முன்னாடி யார் தொட்டது?"

"நாந்தான் சார்," என்றாள் வடிவு. நடந்ததைச் சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள்.

"எம்மேலயும் தப்பு இருக்கு சார்," என்றான் சேனாதிபதி. "மாட்டும்போது ஓரத்துல வெள்ளையாக் கண்டேன். பார்சல்ல தூவி வர்ற பவுடருன்னு ஊதிட்டு மாட்டிட்டேன்."

வடிவு அவனைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவன் அவளிடம் சொல்லவே இல்லை. இன்ஜினியர் சுவரிலிருந்து தாளை உரித்தெடுத்தார்.

"மண்ணு, சூடு, தண்ணி, எல்லாத்தையும் யோசிச்சேன்," என்றார். "திருநீறை யோசிக்கலை." அவருக்குக் கோபப்படத் தெம்பில்லை. பதினொரு பேர் கரையில் உயிரோடு உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழி நிரம்பிய ஐந்தாம் நாள் புதுச் சீல் வந்தது. வடிவு கொட்டகைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றாள். சேனாதிபதி மெழுகுத்தாளைப் பிரித்து, தாளோடு ஏந்திக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான்.

"கையக் கட்டிக்கிட்டுப் பாரு. கீறல் எதுவும் தெரியுதா? ஒனக்குத்தான் அது எப்படி இருக்கும்னு தெரியும்."

பார்த்தாள். கறுப்பில் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

"இல்ல."

"இன்னொரு வாட்டி பாரு."

"இல்லங்க."

பம்பு இரண்டு பகல் இரண்டு இரவு ஓடிக் குழியை வற்ற வைத்தது. மூன்றாம் நாள் வெள்ளனே ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குழந்தைவேல் ஏணித் தலையில் வந்து நின்று, ஒன்றுமே நடக்காதது போல நெற்றியை நீட்டினான்.

"துன்னூறு வையிக்கா. வெரசா. பாவா அண்ணன் காத்தத் தொறந்துட்டாரு."

மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினாள். இத்தனை வருஷம் தொட்டதில் தெரியாத நறநறப்பு இன்று தெரிந்தது. கை மேலே எழும்ப மறுத்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லலே. கண்ண மூடு."

காற்றுப் பட்டால் போய்விடும் என்கிற மாதிரி மெல்ல வைத்தாள். அவன் இறங்கிப் போனான். அவன் தலை குகைக்குள் மறைகிற வரை பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் மழையில் நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். உள்ளேயிருந்து சேனாதிபதி சொட்டு வருகிறதா என்று பார்த்து நிமிஷத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்தான்.

"இல்ல. ஒண்ணுமில்ல. உள்ள வா புள்ள, நனையாத."

கை சுத்தமாகி வெகுநேரம் ஆன பின்னும் வடிவு உள்ளே போகவில்லை. ஏணித் தலையில் நின்று மேலே வரப்போகிற தலைகளுக்காகக் காத்திருந்தாள்.